பூவாடையும் பெயர் வெட்டிய சொம்பும்

திருக்கழுக்குன்றத்து மலைச்சரிவில் ஒருகல் மண்டபம் என்னும் குடைவரைக் கோயில் ஒன்று உண்டு. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த அம்மண்டபத்தில் பழைய தமிழ்ச் சாசனம் இருக்கிறது. அச்சாசனத்தோடு தொடர்பில்லாத ஐரோப்பிய எழுத்துகளும் அங்கே இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் அருகிலுள்ள சதுரங்கப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்து வாணிகம் நடத்திய ஒல்லாந்தர் சிலர், அதாவது டச்சுக்காரர், மலைக்கு வந்தபோது தம் பெயர்களைத் தாமே வெட்டிச் சென்றனர். ஊர் திரும்பாமல் இக்கரையிலேயே உயிர் நீத்த ஒல்லாந்தரின் கல்லறைகளைச் சதுரங்கப்பட்டினக் கோட்டையில் இன்றும் காணலாம். பெயரும் ஆண்டும் குடும்பச் சின்னமும் நுண்ணிய வேலைப்பாட்டோடு அக்கற்களில் செதுக்கப்பட்டுள்ளன.

அரசனுக்குச் சாசனம் உண்டு. வணிகனுக்குக் கல்லறை உண்டு. அம்மலையடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து மறைந்த உழவரும் நெசவாளரும் கடைக்காரரும் அவர்தம் மனைவியரும் எங்கே நினைக்கப்படுகின்றனர்? அவர்களுக்குக் கல் இல்லை. அவர்களைத் தேட விரும்புவோர் மலையை விட்டு இறங்கி, வீடுகளுக்குள் புகுந்து பார்க்கவேண்டும். பூசையறையில் உள்ள மஞ்சள் பூசிய கலசம், பெட்டியில் மடித்து வைத்த சேலை, பரண்மேல் கவிழ்த்து வைத்த பித்தளைத் தவலை, கூடத்துச் சுவரில் மாலையணிந்த படம் ஆகியவற்றில் அவர்கள் இருக்கிறார்கள். செங்கற்பட்டு வட்டாரத்து இல்லங்களில் இருக்கும் இந்நினைவுப் பொருள்கள் எவை, அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதே இவ்வுரையின் பொருள்.

இறந்தாரை நினைவிற் கொள்வது இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் நடந்த அகழாய்வில் இரும்புக் கால மக்களின் ஈமச் சின்னங்கள் வெளிப்பட்டன. கால்கள் பொருத்திய சுடுமண் ஈமப்பேழைகளும், கறுப்பு சிவப்புக் கலங்களும், இரும்புக் கருவிகளும் அவற்றில் இருந்தன. அம்மக்கள் இறந்தாருக்கு வேண்டிய பொருள்களை அவரோடு புதைத்தனர். பிற்காலத்தார் இறந்தாருடைய பொருள்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். இடையில் நடுகல் வழக்கம் பெருகியது. ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் மாண்ட வீரனுக்குக் கல் தேடி, அதனை நீரில் ஆட்டி, நாட்டி, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் கூறுகிறது. நடுகல் ஊரார் எடுத்த நினைவு. போரில் மாளாமல் பிள்ளைப்பேற்றிலும் காய்ச்சலிலும் மூப்பிலும் இறந்தவர்களை ஊர் நினைக்கவில்லை, வீடுதான் நினைத்தது. இல்வாழ்வான் பேணவேண்டிய ஐவருள் தென்புலத்தாரைத் திருக்குறள் முதலில் வைத்திருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

நம் வீடுகள் எதனை வைத்துக்கொள்கின்றன என்று அறிவதற்கு முன், எதனை வைத்துக்கொள்வதில்லை என்று அறிவது நல்லது. இறந்தவரின் உடலைச் சார்ந்த எதுவும் நம் இல்லங்களில் தங்குவதில்லை. இங்கிலாந்தில் விக்டோரியா அரசியின் காலத்தில், இறந்தவருடைய மயிரைப் பின்னி ஊசிப்பதக்கத்திலும் மோதிரத்திலும் பதித்து அணிந்தனர். அவ்வரசியே 1861ஆம் ஆண்டில் கணவரை இழந்தபின் அத்தகைய நினைவணிகளைப் பூண்டார். பண்டை ரோமாபுரியின் உயர்குடியினர் முன்னோரின் முகத்தை மெழுகில் வடித்துப் பேழையில் வைத்திருந்தனர். குடும்பத்தில் சாவு நேர்ந்தால் அம்முகங்களை வேறு சிலர் அணிந்து ஊர்வலத்தில் நடந்து வருவர். நமக்கோ மயிரும் நகமும் தீட்டு. உடலை எரித்தபின் எஞ்சும் எலும்பையும் சாம்பலையும் திருக்கழுக்குன்றத்துப் பக்கத்தார் கடலிலோ ஆற்றிலோ கரைத்துவிடுவர். இறந்தவர் படுத்த பாயும் உடுத்த துணியும் வெளியே போய்விடும். ஆகவே எஞ்சுவன இரண்டே வகை. ஒன்று, அவர் கையாண்ட உலோகப் பொருள். துலக்கினால் தூய்மையாகிவிடும் என்பது அதற்குரிய நியாயம். மற்றொன்று, அவர் பொருட்டுப் புதிதாக வாங்கிய பொருள். இந்த இரண்டாவது வகைதான் வியப்பிற்குரியது. இறந்தவர் ஒருநாளும் உடுத்தறியாத புத்தாடை அவருடைய நினைவுப் பொருளாகிறது!

அதுவே பூவாடை.

தொண்டை மண்டலத்திலும் அதனை ஒட்டிய ஆர்க்காட்டுப் பகுதிகளிலும் பூவாடைக்காரி வழிபாடு பரவலாக உண்டு. கணவன் உயிரோடு இருக்கையில் மஞ்சளும் குங்குமமுமாக இறந்த பெண், அக்குடும்பத்தின் பூவாடைக்காரி ஆகிறாள். பூவையே ஆடையாக உடையவள் என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம். கோயிலில் உள்ள தெய்வங்களுக்கு ஊர் முழுவதும் உரிமை உண்டு. இவளுக்கோ ஒரு குடும்பமே உரிமை உடையது. அடுத்த வீட்டாருக்கு இவள் யாரோ ஒருத்தி. நேற்று வரை அடுப்படியில் நின்ற மருமகள் இன்று குடும்பத்தின் தெய்வம். தன் பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் நேரும் நன்மை தீமைகளில் அவளுக்கு அக்கறை உண்டு என்பது நம்பிக்கை.

வீட்டில் திருமணம் கூடிவந்தால் அவளை முதலில் அழைக்கவேண்டும். மணநாளுக்குச் சிலநாள் முன்பு குடும்பத்தார் கிணற்றடிக்கோ ஏரி குளத்தின் கரைக்கோ செல்வர். பம்பையும் உடுக்கையும் முழங்கும். இசைப்போரைப் பம்பைக்காரர் என்பது வழக்கம். பாடி அழைப்பது அவர் தொழில். இறந்தவள் நீரிலிருந்து எழுந்து வருகிறாள் என்பது கருத்து. உறவினருள் ஒருவர்மீது அவள் இறங்குவாள், ஆடுவாள், சில வேளை அழுவாள். வந்திருப்பது யார், என்ன குறை, இத்திருமணத்திற்கு உத்தரவு உண்டா என்று கேட்பர். விடை கிடைத்ததும் நீர் நிரப்பி மஞ்சள் பூசிப் பூச்சூட்டிய கலசத்தை ஏந்தி வீட்டிற்கு அழைத்து வந்து பூசையிடத்தில் அமர்த்துவர். புதுச்சேலை, வளையல், மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் அவள்முன் வைத்துப் படைப்பர். நடுகல்லை நீரில் ஆட்டியபின் நாட்டிய பழைய முறையும், நீரிலிருந்து அழைத்து வந்து இல்லத்தில் அமர்த்தும் இம்முறையும் ஒப்பு நோக்கத் தக்கவை.

படைத்த சேலை என்ன ஆகிறது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. சில வீடுகளில் அதனை அந்த வீட்டு மகளோ மருமகளோ உடுத்துக்கொள்கிறாள். சில வீடுகளில் அது பெட்டியிலோ பானையிலோ இருந்து, அடுத்த படையலின்போது புதுச்சேலைக்கு இடம் விட்டு வெளியே வருகிறது. அப்போது அதனை உடுக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டு. எவ்வகையாயினும் சேலை உடுக்கப்படுகிறது. பூச்சி அரிக்கும்படி என்றென்றும் கிடப்பதில்லை. பொருட்காட்சிச் சாலையில் ஒரு பொருளைப் பேணுவது என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து யாரும் தொடாதபடி காப்பது. நம் வீட்டில் பேணுவது என்றால் அதனை மாற்றிக்கொண்டே இருப்பது. நூல் மாறுகிறது, நிறம் மாறுகிறது, உடுப்பவள் மாறுகிறாள். அவளுக்கென்று ஒரு சேலை என்னும் இடம் மட்டும் மாறுவதில்லை.

பூவாடைக்குப் பல உடன்பிறப்புகள் உண்டு. பொங்கல், தீபாவளி போன்ற நாள்களில் துணி வைத்துப் படைக்கும் வழக்கம் ஆடவருக்கும் உரியது; அவர்களுக்கு வேட்டி. அந்தணர் இல்லங்களில் சுமங்கலிப் பிரார்த்தனை நடைபெறுகிறது. அங்கே சுமங்கலிகள் உண்ண அமரும் வரிசையில் மறைந்தவளுக்கும் ஓர் இலை போட்டு, மடித்த புடவையை மணைமேல் வைக்கின்றனர். பெண்ணின் திருமணமாயின் அதற்கு முன்பும், பிள்ளையின் திருமணமாயின் மருமகள் வீட்டிற்கு வந்த பின்பும் இதனைச் செய்வது மரபு. போகிறவள் விடைபெறவும் வருகிறவள் அறிமுகமாகவும் வேண்டும் அன்றோ? தென்கோடியில் நெல்லை, குமரிப் பகுதிகளில் மணமாகாமல் இறந்த சிறுமிக்குக் கன்னிப்பெட்டி உண்டு. சிறிய ஓலைப்பெட்டியில் பாவாடையும் வளையலும் வைத்து வீட்டுக்குள் காத்து, ஆண்டுதோறும் புதியன இட்டு, பழையதை வீட்டுச் சிறுமிக்குக் கொடுக்கின்றனர். உயிரோடு இருந்திருந்தால் கிழவியாகியிருக்க வேண்டியவளுக்கு ஆண்டுதோறும் சிறுமியின் அளவிலேயே பாவாடை வாங்குகின்றனர்.

இவ்வழக்கத்தைப் போற்றுவதோடு நின்றுவிடுவது நேர்மையாகாது. பூவாடைக்காரி ஆவதற்குப் பெரும்பாலும் வேண்டிய தகுதி ஒன்றே: கணவனுக்கு முன் சாதல். இருபது வயதில் பிள்ளைப்பேற்றில் மாண்டவள் தெய்வமாகிறாள். முப்பதில் கணவனை இழந்து, அடுத்த நாற்பது ஆண்டு களையெடுத்தும் நெல் குத்தியும் பிள்ளைகளை ஆளாக்கியவளுக்குப் பெரும்பாலான வீடுகளில் அவ்விடம் இல்லை. மங்கல நிகழ்ச்சிகளில் உயிரோடிருந்தபோது பின்னே நின்றவள், இறந்த பின்னும் பின்னேதான் நிற்கிறாள். வாழ்ந்த வாழ்வைக் காட்டிலும் இறந்த நேரத்தைப் பெரிதாகக் கருதும் இம்முறையைக் கல்லூரியில் வரலாறு பயிலும் மாணவர் கவனிக்கவேண்டும். யாரை நினைக்கிறோம் என்ற வினாவோடு யாரை நினைக்காமல் விட்டோம் என்ற வினாவும் பிறப்பது இயல்பே.

அவ்வாறு விடப்பட்டவள் வேறோரிடத்தில் கிடைக்கிறாள். அந்த இடம் அடுக்களை.

தமிழ்நாட்டில் பாத்திரத்தில் பெயர் வெட்டாத குடும்பம் அரிது. சொம்பு, குடம், தவலை, அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு ஆகிய எதனை வாங்கினாலும் அதன் கழுத்திலோ விளிம்பிலோ பெயர் ஏறும். பாத்திரக் கடை வாயிலில் சிற்றுளியும் சிறு சுத்தியலுமாக அமர்ந்திருப்பவர் முன்னே நின்று பெயரைச் சொன்னால் போதும். எழுதிப் பார்க்காமலே வெட்டுவார். அவ்வெழுத்தை உற்று நோக்கினால், அது கோடாக இல்லாமல் நெருக்கமான புள்ளிகளின் வரிசையாக இருப்பது தெரியும். மெல்லிய தகட்டில் ஆழக் கீறினால் பாத்திரம் பழுதாகும். ஆகவே தட்டித் தட்டி எழுதினர். பிற்காலத்தில் மின்பொறி வந்தது. அது விரைவாக எழுதுகிறது. ஆனால் உளியெழுத்தைப் போல் விரல் நுனிக்குத் தட்டுப்படுவதில்லை.

இச்சிறு எழுத்துகளைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் தலைப்பெழுத்தைப் பார்க்கவேண்டும். ஒரு பெண்ணின் பெயருக்கு முன் அவள் தந்தையின் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் பிறந்த வீட்டுச் சீராக வந்த பாத்திரம். கணவனுடைய எழுத்து இருந்தால் மணத்திற்குப் பின் வாங்கியது. ஊர்ப்பெயர் இருந்தால் அவள் எங்கிருந்து வந்தாள் என்பது தெரியும். நாள் இருந்தால் அது திருமண நாளாகவோ காதணி விழாவாகவோ இருக்கலாம். இன்னார் நினைவாக என்று இருந்தால் அது இறந்தவருக்குரியது. பதினாறாம் நாள் காரியத்தின்போதோ ஆண்டு நிறைவின்போதோ உறவினருக்குக் கொடுப்பதற்காக, மறைந்தவர் பெயரும் நாளும் வெட்டிய பாத்திரங்களை வாங்கும் குடும்பங்களும் உண்டு. அப்போது ஒருவருடைய பெயர் பத்து ஊர்களில் பத்து அடுக்களைகளுக்குச் செல்கிறது. கல்லறைக் கல் ஓரிடத்தில் நிற்பது. சொம்போ பால் வாங்கப் போகும், மோர் கொண்டு வரும், சில வேளை அடுத்த வீட்டிலிருந்து திரும்பி வராமலும் போகும். பெயர் வெட்டியதன் முதல் நோக்கமே அதுதான் என்று சிரிப்போரும் உண்டு.

இங்கே கணவனை இழந்தவளுக்கும் இழக்காதவளுக்கும் வேறுபாடு இல்லை. பல குடும்பங்களில் ஒரு பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் ஒரு தவலையின் கழுத்தாகவே இருக்கும். நிலப் பத்திரத்தில் அவள் பெயர் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் இல்லை. அவள் பள்ளிக்கே சென்றிருக்க மாட்டாள். தன் பெயரைத் தானே படிக்க அறியாதவள், அப்பெயர் வெட்டிய பாத்திரத்தில் நாள்தோறும் நீர் மொண்டிருக்கிறாள்.

இறந்தவர் பொருட்டு ஒரு பொருளைப் பயன்பாட்டில் வைக்கும் எண்ணம் நம் கோயில்களிலும் வேரூன்றியது. சோழர் காலக் கல்வெட்டுகளில், தம்மைச் சார்ந்தோர் இறந்தபோது அவர் நன்மைக்காக நந்தாவிளக்கு வைத்தவர்களைக் காண்கிறோம். ஒரு விளக்கு இடையறாது எரிவதற்கு வேண்டிய நெய்யின் பொருட்டு 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. தனித்தனி ஆடுகள் மூத்துச் சாகும், குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும், தொகை குறையாது. சாகாத மந்தையைக் கொண்டு செத்தவருக்கு விளக்கெரித்த அந்த ஏற்பாட்டிற்கும், மாறிக்கொண்டே மாறாதிருக்கும் பூவாடைக்கும் அடிப்படை ஒன்றே.

பெயரைப் பற்றிக் கூறும்போது மற்றொன்றையும் கூறவேண்டும். தமிழில் மகனுடைய மகனுக்குப் பெயரன் என்று பெயர். பேச்சில் அது பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதே அச்சொல்லின் பொருள். பெயர்த்தி என்பதும் அத்தகையதே. ஆகவே குழந்தையே ஒரு நினைவுப் பொருள்! சப்பானியர் இல்லங்களில் முன்னோருக்கு ஒரு சிறு மாடம் உண்டு. அதில் வைக்கும் மரப்பலகையில் இறந்தவருக்குப் பௌத்த குரு இட்ட புதுப்பெயரை எழுதுவர். அங்கே இறந்தவர் புதுப்பெயர் பெறுகிறார். இங்கே பிறந்தவர் பழம்பெயர் பெறுகிறார். இதனால் நம் வீடுகளில் ஓர் இடர்ப்பாடும் நேர்ந்தது. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது பழைய கட்டுப்பாடு. அப்பெயரே மகனுக்கு இருந்தால் அவனை எவ்வாறு அதட்டுவது? அதற்காகவே வீட்டுக்கு வீடு செல்லப்பெயர்கள் தோன்றின. பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக வளர்ந்தவர்கள் பலருக்கு அதன் காரணம் இதுவே.

திருக்கழுக்குன்றம் என்ற ஊர்ப்பெயரும் இத்தகைய நினைவுப் பொருளாகிவிட்டது. நண்பகலில் மலைமேல் இரண்டு கழுகுகள் வந்து பொங்கலுண்டு செல்லும் காட்சியைக் காண நெடுங்காலம் மக்கள் திரண்டனர். பட்சி தீர்த்தம் என்ற பெயரும் அதனாலே வந்தது. 1990களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றது. பறவைகள் போயின, பெயர் இருக்கிறது.

இனிப் படத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இன்று நினைவுப் பொருள் என்றவுடன் எல்லோர் உள்ளத்திலும் தோன்றுவது புகைப்படமே. பிரான்சு நாட்டில் 1839ஆம் ஆண்டு உலகிற்கு அறிவிக்கப்பட்ட அக்கலை, 1850களிலேயே சென்னைக்கு வந்துவிட்டது. எனினும் சிற்றூர் வீட்டுச் சுவரை அடைய அதற்கு நெடுங்காலம் ஆயிற்று. செலவு ஒருபுறம், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் மற்றொருபுறம். ஆகவே பலருக்கு முதற்படமே இறுதிப்படமாக அமைந்தது. உயிர் போனபின் நாற்காலியில் சாய்த்து வைத்து மாலையிட்டுச் சுற்றிலும் உறவினர் நிற்க எடுத்த படங்கள் தமிழ்நாட்டுப் புகைப்பட நிலையங்களில் ஏராளம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு, அத்தகைய நிலையங்களின் பழம்படங்களைத் தேடி மின்படிகளாகச் சேர்த்திருக்கிறது. அழியும் நிலையிலிருந்த குடும்ப முகங்கள் அதனால் காக்கப்பட்டன.

1993ஆம் ஆண்டிற்குப் பின் புகைப்படத்தோடு கூடிய வாக்காளர் அடையாள அட்டை வந்தது. அதன் நோக்கம் தேர்தல் ஒழுங்கு. ஆயினும் சிற்றூர்க் கிழவியர் பலர் தம் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம் அதற்காக எடுத்ததுதான். வெயிலில் வரிசையில் நின்று, கண்ணைச் சுருக்கி, ஏன் என்று அறியாமல் ஒரு பொறியைப் பார்த்த அந்த முகத்தை, இறந்தபின் பெரிதாக்கி, பின்புறத்தில் நீலவானம் சேர்த்து, தோற்றம், மறைவு என்று இரண்டு நாள்களை அச்சிட்டுச் சட்டமிடுகின்றனர். பல வீடுகளில் அப்படம் தெற்குச் சுவரில் தொங்கும், தென்றிசை முன்னோர்க்குரியது. தெய்வப் படங்களோடு கலவாமல் தனியே தொங்கவேண்டும் என்ற ஒழுங்கும் உண்டு. அதற்குச் சார்த்தும் சந்தனச் சீவல் மாலையை ஒருமுறை போட்டுவிட்டால் ஆண்டுக்கணக்கில் மாற்றவேண்டியதில்லை என்பதை அதன் சிறப்பாகக் கடையில் கூறுகிறார்கள். எனக்கோ அதுவே அதன் குறையாகத் தோன்றுகிறது. வாடாத மாலையின் பக்கம் யாரும் திரும்புவதில்லை. வாடும் பூவை நாள்தோறும் ஒரு கை மாற்றியாக வேண்டும்.

படத்திற்கு வேறொரு மெலிவும் உண்டு. நீர் பட்டால் போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரைக் குப்பங்களுக்குள் புகுந்தபோது, படகையும் வலையையும் மட்டுமன்றிச் சுவரில் இருந்த முகங்களையும் கொண்டு சென்றது. மறுபடி எடுக்க முடியாத படங்கள் அவை. பித்தளைக்கு அந்த அச்சம் இல்லை. அதற்கு வரும் கேடு வேறு.

பித்தளைப் பாத்திரத்தில் புளிப்பு ஏறாதிருக்க ஈயம் பூசவேண்டும்; களிம்பு போகப் புளியிட்டுத் துலக்கவேண்டும்; எடையும் மிகுதி. துருவேறா எஃகு 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள செபீல்டு நகரில் உருவாயிற்று. எவர்சில்வர் என்ற பெயரோடு அது நம் அடுக்களைக்கு வந்தபோது, பெண்களின் தோளும் கையும் ஓய்வு பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் புதுப் பாத்திரம் வாங்கப் பழைய பாத்திரத்தைத் தராசில் வைத்தனர். தராசுக்கு எடை தெரியும். கழுத்தில் வெட்டிய பெயர் தெரியாது. கடையில் குவிந்த தவலைகள் உருக்கும் உலைக்குப் போயின. எத்தனை பாட்டிமாரின் பெயர்கள் அவ்வாறு உருகின என்பதற்குக் கணக்கு இல்லை. எஞ்சியவற்றுள் சில நகரத்து மாளிகைகளில் செடி வைக்கும் தொட்டிகளாகி நிற்கின்றன. அழகிற்காக வாங்கியவர், அதில் உள்ள பெயர் யாருடையது என்று கேட்க இயலாது. விற்றவரும் உடன் இல்லை.

நினைவுப் பொருளின் உண்மையான இடர் இங்கேதான் இருக்கிறது. பொருள் தானாகப் பேசுவதில்லை. இது உன் பாட்டனின் தாய் கொண்டுவந்த குத்துவிளக்கு என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்வரை அது நினைவுப் பொருள். அவர் கண் மூடியபின் அது பித்தளை. திதியின் நிலையும் அதுவே. நாம் இறந்த நாளை ஆங்கிலத் தேதியால் கொள்ளாமல், மாதமும் வளர்பிறை தேய்பிறையும் திதியும் கொண்டு கொள்கிறோம். அதனால் அது ஆண்டுதோறும் வேறு தேதியில் வருகிறது. பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் பாட்டன் குறித்து வைத்த ஒரு வரி தொலைந்தால், மகாளய அமாவாசை போன்ற பொதுநாளில் எல்லோரோடும் சேர்த்துத்தான் அவரை நினைக்கவேண்டும். கிறித்தவக் குடும்பங்கள் பல, பிறப்பும் திருமணமும் இறப்பும் வேதாகமத்தின் முன்தாள்களில் எழுதிவைக்கும் வழக்கத்தை உடையன. அவ்வழக்கத்தை ஏனையோரும் மேற்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை. ஒரு விடுமுறை நாளில் பரணில் ஏறிப் பாத்திரங்களை இறக்கி, துலக்கி, அவற்றில் உள்ள எழுத்துகளை ஒரு குறிப்பேட்டில் படியெடுத்து, வீட்டிலுள்ள முதியவரிடம் காட்டிக் கேட்கும் மாணவர், எந்த நூலகத்திலும் இல்லாத ஒரு நூலின் முதற்படியைத் தொகுத்தவராவார்.

சகோதரர் பாகம் பிரியும்போது நிலத்தைப் பிரிக்கலாம். பாத்திரங்களையும் எண்ணிப் பிரிக்கலாம். பூவாடைக் கலசத்தைப் பிரிக்க முடியாது. அது ஒரு வீட்டில் தங்கும். ஏனையோர் தம் வீட்டுத் திருமணத்தின்போது அங்கே வந்து படைப்பர். சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்வோர் பலர் ஊருக்குத் திரும்பி வரும் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஊர் வீட்டை விற்றாயிற்று, கலசம் எங்கே போயிற்று என்று தெரியாது என்ற நிலையில் வரும் குடும்பங்களும் உண்டு. அதனால் வழிபாடு நின்றுவிடுவதில்லை. மீண்டும் நீர்க்கரைக்குச் சென்று முதலிலிருந்து தொடங்கலாம். கலசமும் சேலையும் திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவிலேயே கிடைக்கும். மஞ்சளும் பூவும் கிடைக்கும். பம்பைக்காரர் கோலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: யாரை அழைக்கவேண்டும், அவர் பெயர் என்ன? நின்றிருப்போர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு மூதாட்டி அப்பெயரைச் சொல்லிவிட்டால் பம்பை முழங்கத் தொடங்கும்.